அடிக்குறிப்பு பதினேழு

கர்லிங் அரங்கின் மாடியில் கூடினோம்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
எஞ்சின் உறையாமலிருக்க
மின்கயிற்றில் பிணைத்த வண்டிகள்
வரிசையாக நின்று முனகின.

முதலீட்டுச் சங்கத்தின் கையிருப்பு
நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு டாலர்.
உறுப்பினர் அறுவர். டுவேனுக்கு முதுகுவலி,
ஆகவே ஐவர். செயலாளர் நான்.

பார்க்க வேண்டியவை இரண்டு.
ரெட் வில்லோ பொட்டாஷ்:
எங்கள் காலுக்கு நேர் கீழே, ஒரு கிலோமீட்டர் ஆழத்தில்
இளஞ்சிவப்பு உப்பை வெட்டுவது.
கேப் ஆர்டன் பாஸ்பேட்:
நாங்கள் யாரும் பார்த்திராத ஒரு கரையில்
பாறையை வாரி அமிலத்தில் கரைப்பது.

ஒன்றின் விலை லாபத்தைப் போல் ஒன்பது மடங்கு,
மற்றதன் விலை பதினாலு.
பங்காதாயம் இங்கே ஆறு சதவீதம், அங்கே இரண்டரை.
பலகையில் எழுதிக்கொண்டே வந்தேன்,
பேனா தீர்ந்துபோனதில்
'கடன்' என்ற சொல்லை மட்டும்
யாராலும் படிக்க முடியவில்லை.

வெண்டல் ஃப்ரீசனுக்கு மூவாயிரம் ஏக்கர் கனோலா.
"உர விலை ஏறினால் எனக்கு அடி.
பங்கு இருந்தால் அடித்த கையே மருந்தும் தடவும்" என்றார்.
டெல்ஃபீன் லவாலே கணக்கைத் தட்டிப் பார்த்தாள்:
"உன் பங்குக்கு வருஷம் நாற்பத்திரண்டு டாலர் மருந்து."

கேப் ஆர்டன் அறிக்கையின் அட்டையில் ஒரு குளம்,
முன்பு சுரங்கமாக இருந்ததாம்.
குளத்தில் ஒற்றைக் கால் கொக்கு.
"இந்தக் கொக்குக்குச் சம்பளம் எவ்வளவு?"
அதுவும் டெல்ஃபீன்தான்.
சிரித்தோம். ரோவீனா மட்டும் சிரிக்கவில்லை,
கேப் ஆர்டனைக் கொண்டுவந்தவள் அவள்.

ஓரெஸ்ட் ஹ்னாத்யூக் அதுவரை வாயே திறக்கவில்லை.
ரெட் வில்லோவில் நிலத்தடியில் இருபத்தொன்பது வருஷம்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது
மற்றவர்களுக்குப் பழமொழி,
அவருக்கு ஓய்வூதியச் சீட்டு.

அறிக்கையை வாங்கி எண்பத்தெட்டாம் பக்கம் புரட்டி
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
எறும்பெழுத்தில் இருந்ததைப் படித்தார்:
நீர்வரத்து மேலாண்மைச் செலவு,
மூன்று வருஷத்தில் நான்கு மடங்கு.

"கூரையிலிருந்து சொட்டும்.
விரலில் ஏந்தி நாக்கில் வைப்போம்.
நாக்கு பொசுங்கக் கரித்தால் பயமில்லை,
அது வயிறு நிறைந்த தண்ணீர்.
சப்பென்று இருந்தால்
இன்னும் பசியோடு இருக்கிறது என்று அர்த்தம்.
தூணைத் தின்னும். சுவரைத் தின்னும்.
இப்போது யார் நாக்கு வைக்கிறார்களோ,
கருவி வைத்திருப்பார்கள்."

கீழே பனித்தளத்தில்
யாரோ விட்ட கல் இன்னொரு கல்லில் மோதியது.
உப்பைத் தின்றால் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும்.
அந்தச் சுரங்கம் ஐம்பது வருஷமாகத் தின்கிறது.

வாக்கெடுப்பு.
ரோவீனா கேப் ஆர்டன். டெல்ஃபீன் இரண்டும் வேண்டாம்.
வெண்டல் ரெட் வில்லோ.
ஓரெஸ்டும் ரெட் வில்லோவுக்கே கை தூக்கினார்.

"இவ்வளவு சொல்லிவிட்டா?"
"டாரியா இன்று இரவு ஷிப்டில் இருக்கிறாள்.
எல்லோரும் விற்றுவிட்டுப் போனால்
பம்பு யார் வாங்குவது?"
நம் பணம் பம்புக்குப் போகாது,
பங்கை விற்கிறவனின் பைக்குத்தான் போகும்
என்று டெல்ஃபீன் மெதுவாகச் சொன்னாள்.
"தெரியும்" என்றார்.
கையை இறக்கவில்லை.

என் ஒரு வாக்கு மிச்சம்.
மார்ச்சுக்கு ஒத்திவைப்பு என்று எழுதிக்
குறிப்பேட்டை மூடினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
முதுகுவலி என்று போட்டேன், டுவேனின் பெயரில்.

வீடு திரும்பும் வழியில் கழிவுப்பின் வெள்ளை மேடு,
அதன் உச்சியில் விளக்கு, பதினோரு மணிச் சங்கு.

கோட்டைக்கூடக் கழற்றாமல்
சமையலறைக் குழாயைத் திறந்து
ஒரு சொட்டை விரலில் ஏந்தி நாக்கில் வைத்தேன்.

சப்பென்றுதான் இருந்தது.
வீட்டுத் தண்ணீர் வேறெப்படி இருக்கும்
என்று எனக்கே சொல்லிக்கொண்டு
குழாயை இறுக்க மூடினேன்,
பிறகு இன்னொரு முறை.