கை விட்டது யார்

தொண்டையில் பீட்ரூட் சிக்கியிருக்கும்
என்றுதான் நினைத்தோம்.
கெம்பி காலையிலிருந்து வைக்கோலை முகரவில்லை.
எச்சில் கயிறாக இறங்கிக்
கழுநீர்த் தொட்டிக்குள் விழுந்தது.
கத்தினாள்.
தகரத்தைச் சிமெண்டில் இழுத்தது போல ஒரு கத்தல்.

மாரப்பன் தாடையைப் பிடித்துக்கொள்ள
நான் கை விட்டேன், முழங்கை வரைக்கும்.
நாக்கு கொதித்தது.
பீட்ரூட் இல்லை. கல் இல்லை.
இல்லாததைத் தேடி
இரண்டாம் தரமும் விட்டேன்.
முந்தின நாள் ராகி அறுப்பில்
ஆள்காட்டி விரலில் விழுந்த அரிவாள் கீறல்
அப்போது நினைவிலேயே இல்லை.

ஆனேக்கல்லிலிருந்து வந்த கால்நடை டாக்டரம்மா
கொட்டகைக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்தி
ஹெல்மெட் கழற்றாமல் பார்த்தார்.
நாய் கடித்ததா என்று கேட்டார். தெரியாது.
பிறகு கேட்டது ஒன்றே ஒன்று:
"வாயில கை விட்டது யாரு?"

நான்.
தாடை பிடித்த மாரப்பன்.
விளக்கெண்ணெய் ஊற்றிப் பார்த்த
பக்கத்துத் தோட்டத்து ஜவரப்பா.
கொஞ்ச நேரம் கழித்து, தூணுக்குப் பின்னாலிருந்து
வகுப்பில் தூக்குவது போலக் கையைத் தூக்கினான்
என் மகன் இளவழகன்:
"நுரையைத் துடைச்சு விட்டேன்மா.
பாவமா இருந்துச்சு."

அன்றிரவே கெம்பி போனாள்.
எதிரே எழும்பும் அடுக்குமாடி மனையிலிருந்து
ஜேசிபி இரவல் வந்தது, டீசல் காசுக்கு.
ஆறடிப் பள்ளம், மூன்று மூட்டை சுண்ணாம்பு.
தோல் கேட்டு வந்தவனை
மாரப்பன் கல்லெடுத்து விரட்டினான்.
ஏசிக்கொண்டே போனான் அவன்,
தான் பிழைத்தது தெரியாமல்.

விடிந்ததும் நஞ்சம்மா வந்து நின்றாள்
காலிச் சொம்போடு.
"காய்ச்சித்தானே குடிச்சீங்க?"
"காய்ச்சாம யாரு குடிப்பா" என்றவள்
திரும்பி வாசல் வரை போய் நின்றாள்.
"பேரனுக்கு மட்டும்
கறந்த சூட்டோட ஒரு டம்ளர் குடுப்பேன்."

பஸ்ஸில் ஆறு பேர் ஏறினோம்.
ஜவரப்பா ஜன்னலைச் சாத்தச் சொன்னார்,
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
தோளுக்கு ஒன்றாக இரண்டு ஊசி.
இன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள்.
ஏழாம் நாள் களத்தில் ராகி கிடக்கும் நாள்.
என் விரலுக்கு வேறு மருந்தாம், இங்கே இல்லையாம்,
பெங்களூருக்கே போகச் சொன்னார்கள்.
போனேன்.
கீறலைச் சுற்றி நர்ஸ் குத்திய போது
விரல் பீட்ரூட் போல வீங்கியது.
சிரித்துவிட்டேன். நர்ஸ் பயந்துவிட்டாள்.

அதற்கப்புறம் காலைகள்.
டம்ளரை எடுப்பேன், பாதி வழியில் கை நிற்கும்.
இது பயமா? இல்லை, அந்தப் பயமா?
ஒரு மடக்கு. இறங்கிவிட்டது.
இன்றைக்கு இல்லை.
இரவில் ஃபேனை மகன் பக்கம் திருப்பி வைத்து
முகம் சுளிக்கிறானா என்று பார்த்துக் கிடப்பேன்.
குளிரில் சுளிப்பான்.
அந்த மார்கழியில் எந்தப் பிள்ளைதான் சுளிக்காது.

இருபத்தெட்டும் முடிந்தது.
சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.
இன்சூரன்ஸ்காரன் மட்டும் இன்னும் கேட்கிறான்
மாட்டுக்கு முன்னமே ஊசி போட்டீர்களா என்று.
கெம்பியின் மஞ்சள் காது வில்லை, பன்னிரண்டு எண்கள்,
அரிசி டப்பாவின் மேல் கிடக்கிறது.

போன வாரம் வலையோடு வேன் வந்தது.
அடுக்குமாடிக் குப்பைமேட்டில் பத்தொன்பது நாய்கள்.
பதினான்குக்கு ஊசி போட்டு
தலையில் பச்சைச் சாயம் தடவிப் போனார்கள்.
சாயமில்லாத ஐந்தில் ஒன்று, நொண்டி,
கெம்பி படுத்த இடத்தில் வந்து படுக்கிறது.
தடியெடுத்தேன்.
அதற்குள் இளவழகன், எட்ட நின்று,
தொட்டியில் தண்ணீர் ஊற்றிவிட்டான்.

தண்ணீர் குடிக்கிற நாயை நல்ல நாய் என்று நம்பாதே,
டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.
தெரியும்.
நாய் குனிந்து நக்குகிறது.
தடியை இறக்காமல்
ஒவ்வொரு மடக்காக எண்ணிக்கொண்டிருக்கிறேன்.