குளிருக்குப் பதினான்கு

குகையில், தீயணைப்புக் கருவி விற்கும் கடையில்
இருநூறு பார் காற்று நிரப்பினார்கள்.
சேலத்தில் அன்று முப்பத்தாறு டிகிரி.
சிலிண்டர் சுட்டது. ஒரு டீ நேரம் ஆறவிட்டு
மறுபடி இருநூறுக்குக் கொண்டுவந்தார் கடைக்காரர்.
இருபது கொண்டை ஊசி வளைவும்
துப்பாக்கிப் பெட்டி என் மடியில்.
வயலினா என்றார் கண்டக்டர்.
தலையாட்டி வைத்தேன்.

ஏற்காட்டில் இரவு பதினான்கு டிகிரி.
முள் நூற்று எண்பத்தாறில் நின்றது.

காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறவள் நான்.
குறைந்தது எங்கே போனது என்று தெரியாமல்
தூக்கம் வராது.
பென்சில் எடுத்துப் போட்டுப் பார்த்தேன்:
பதினான்கு பார், குளிரின் பங்கு.
காற்று எங்கும் போகவில்லை. ஒடுங்கிக்கொண்டது,
கம்பளிக்குள் முழங்காலை மடக்கும் நம்மைப் போல.
அதைச் செலவில் எழுதக் கூடாது.

மறுநாள் அதே மணி, அதே அறை, அதே பதினான்கு டிகிரி.
நூற்று எண்பத்திரண்டு.
அதற்கு மறுநாள் எழுபத்தெட்டு.

இது குளிர் இல்லை.

துப்பாக்கியை எனக்கு விற்ற
பீளமேடு சொர்ணவேலுக்கு மூன்று செய்தி அனுப்பினேன்.
மூன்றாவதில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது.
மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில்:
'அக்கா, அங்கே குளிரா?'
நழுவுகிறான் என்று நினைத்தேன்.

காதை வைத்துக் கேட்டேன்.
என் ரத்தம் ஓடுவதுதான் கேட்டது.
கீழே ஏதோ வளைவில் ஒரு லாரி
ஏர் பிரேக்கை விட்டுப் பெருமூச்செறிந்தது.
அதற்கென்ன,
சத்தம் போட்டுக் கசிகிறவைக்கு
மெக்கானிக் சீக்கிரம் கிடைத்துவிடுவார்.

பக்கத்து வீட்டு ஆஷ்லினின் பிறந்தநாளில் மிஞ்சிய
ஊதா பலூனை இரவில் குழல் முனையில் மாட்டினேன்.
விடிவதற்குள் ஒரு மூச்சாவது ஏறியிருந்தால்
உள் வால்வு குற்றவாளி.
பலூன் தொங்கிய தலையோடு தூங்கிக்கொண்டிருந்தது.
முள் மட்டும் இன்னும் நான்கு இறங்கியிருந்தது.

சிலிண்டரைக் கழற்றித் தனியே அலமாரியில் வைத்தேன்.
அங்கேயும் நான்கு.
சரி, நீதானா.

அதன் வாயில் விரலால் எச்சில் தொட்டு வைத்தேன்,
பஞ்சர் கடையில் செய்வார்களே, அப்படி.
அசையவில்லை.
பின்பக்கம், கேஜின் கழுத்தைச் சுற்றி
பாத்திர சோப்பின் நுரையைப் பிரஷால் தடவி
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
ஐந்து நிமிடம், எட்டு, பத்து.
பதினோராவதில் ஒரு கடுகு முளைத்தது.
பக்கத்தில் இன்னொன்று.
சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன்,
பார்க்க யாருமில்லை.

முள் பூஜ்யத்தில் படுக்கும்வரை
காற்றை வெளியேற்றினேன். அதுவரை ஒரு திருகையும் தொடவில்லை.
அந்த விஷயத்தில் நான் கோழை.
பிறகு கேஜைத் திருகி எடுத்து, உள்ளே ஓ-ரிங்கை
லென்சுக்கடியில் பிடித்தேன்.

குறுக்கே ஒரு நூல்.
மஞ்சள் நூல்.

போன மாதம், முள் சாய்ந்து தெரிகிறதென்று
கேஜைக் கழற்றி, துடைத்து, நேராக்கி மாட்டியது நான்.
துடைத்த மஞ்சள் துணி
இப்போதும் ஜன்னல் கம்பியில் காய்கிறது.

ரிங்கில் நூலின் தடம் பதிந்துவிட்டது, இனி உதவாது.
லீ பஜாரில் புதிது, கெட்டியான ரகம், பத்து ரூபாய்.
கொசு முட்டையளவு சிலிக்கான் கிரீஸ்.
துணி இல்லை, வெறும் விரல்.
மறுபடி குகை, மறுபடி இருநூறு, மறுபடி இருபது வளைவு.
'கச்சேரி எப்படிம்மா?'
'சுருதி சேரலை, இப்பதான் சரி பண்ணினேன்.'

இரவு நூற்று எண்பத்தாறு.
மறுநாள் அதே மணிக்கு நூற்று எண்பத்தாறு.
மூன்றாம் நாளும்.

ஞாயிற்றுக்கிழமை மாவட்டப் போட்டி.
அதற்குள் இந்தக் கணக்கையும் முடிக்க வேண்டும்.
சொர்ணவேலுக்கு நீளமாக எழுதி, அழித்து,
இன்னும் நீளமாக எழுதி, அதையும் அழித்து,
கடைசியில் அவன் கேள்விக்கு மட்டும் பதில் அனுப்பினேன்:
'கொஞ்சம் குளிர், தம்பி. மீதி நான்.'

அனுப்பிவிட்டு முள்ளைப் பார்த்தேன்,
பழக்க தோஷம்.