ஏழரைக்குச் சனி

ரயில் வராமல் போய்ப் பதினேழு வருடமான
மோயேஸ் நிலைய நடைமேடைச் சுவரில்
‘இன்றிரவு ஏழரைக்குச் சனி’ என்று
தாள் ஒட்டியிருந்தது.
சைக்கிள் பழுது பார்க்கும் வாஷிங்டன் உம்பியேரெஸ்
தொலைநோக்கி வாங்கிய ஒன்பதாம் நாளே
ஊரை அழைத்துவிட்டார்.
உருகுவேயின் இந்த மூலையில்
சனி பிடிக்க
மனிதர்கள் வரிசையில் நின்றார்கள்,
மடக்கு நாற்காலி, மாத்தே குவளை,
இரண்டு நாய்கள் சகிதம்.

வெள்ளை வெளிச்சம் ஆகாது என்று
பெட்டியோடு வந்த கையேடு சொல்கிறதாம்.
கைவிளக்குகளுக்குச் சிவப்பு மிட்டாய்த்தாள் சுற்றினோம்.
மிட்டாயை யாராவது தின்றாக வேண்டும்.
அந்தச் சுமையைப் பள்ளிப்பிள்ளைகள் ஏற்றார்கள்.

கிழக்கே, தாழ, மஞ்சளாக ஒன்று.
‘மின்னவில்லை பாருங்கள். மின்னாதது கோள்’
என்றார் வாஷிங்டன்.
கசாப்புக்கடை எல்பியோ தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.
சுற்றிலும் நிலவுகள் நகர்வதாகச் சத்தியம் செய்தார்.

என் முறை.
முதலில் என் இமைமயிர்தான் தெரிந்தது,
நாணற்காடு மாதிரி.
பிறகு வந்தது:
வட்டமாய் ஒளி, நடுவில் இருட்டு ஓட்டை.
‘வளையம்!’
‘வளையம்தான்’ என்றார் வாஷிங்டன்.
அவருக்கே அப்போதுதான் மூச்சு வந்தது.

நான் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள்.
நூற்று நாற்பது கோடி கிலோமீட்டர் என்றதும்
மனசு தானாகக் கட்டணம் போட்டுப் பார்த்தது,
பாதியில் விட்டுவிட்டது.
கண் நனைந்துவிட்டது.
ஜலதோஷம் என்று சொல்லி நகர்ந்தேன்.

எட்டே முக்காலுக்கு நிபியா வந்தாள்,
அரிசி ஆலையிலிருந்து நேராக,
தலைமுடியெல்லாம் உமித்தூசி.
வரிசையில் நிற்கவில்லை.
குழாய் பார்க்கும் திசையைப் பார்த்தாள்.
‘அது என் விளக்கு’ என்றாள்.
‘மூன்றாம் குதிர். ஆறு மணிக்கு நான்தான் போட்டேன்.’

ஒரு நாய் சொறிந்துகொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.
வாஷிங்டன் ஒரு திருகைத் திருகினார்.
வளையம் சுருங்கியது,
இன்னும் சுருங்கியது,
கம்பிக்கூட்டுக்குள் ஒரு பல்பாகி நின்றது.
எல்பியோவின் நிலவுகள்
விட்டில்கள்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது.
நான் இல்லை.

நிபியா தொலைபேசியை எடுத்தாள்.
‘மில்ட்டன், மூணாவதை அணை.
ஏன் என்று கேட்காதே.’
‘பத்து நிமிஷம்தான். லாரி வருது.’

சனி அணைந்தது.

அதற்கப்புறம்தான் இருட்டு வந்தது.
மேற்கே தேள்
தலைகீழாய், வாலைத் தூக்கிக்கொண்டு
வயலுக்குள் இறங்கியது.
கிழக்கே, விளக்கு இருந்த இடத்துக்கு ஒரு முழம் மேலே
நிஜமானது.
இவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறது,
தன் பெயரில் இன்னொன்று
கைதட்டல் வாங்குவதைப் பார்த்துக்கொண்டு.

இருபத்திரண்டு பேர், பத்து நிமிடம்.
ஆளுக்கு அரை நிமிடம்கூட இல்லை,
அதிலும் அது வழுக்கி வழுக்கி விளிம்புக்கு ஓடியது.
‘ஓடுவது அது இல்லை, நாம்’ என்றது கையேடு.
ஓர் அரிசிமணி.
அதன் குறுக்கே ஒரு நகக்கீறல்.
அவ்வளவுதான்.
அழுகை வருமா என்று காத்தேன்.
வரவில்லை. அதை நான் முன்பே
நாற்பது வாட் பல்புக்குச் செலவழித்துவிட்டேன்.
வண்டி வராவிட்டால், ஆற்றுப்பாலம் மூழ்கினால்
பணத்தைத் திருப்பித் தருபவள் நான்.
இதை எந்த ஜன்னலில் போய்க் கேட்பது?
கேட்கவும் மனசில்லை.

லாரி ஊதியது. விளக்கு திரும்ப வந்தது.
எல்பியோ தொப்பியை மாட்டிக்கொண்டு
‘முதல் சனிதான் பெரிசு’ என்றார்.
ஒருவரும் மறுக்கவில்லை.
வாஷிங்டன் முக்காலியை மடக்கினார்,
ஒரு கால் மடங்கவில்லை,
அப்படியே தோளில் போட்டுக்கொண்டு போனார்.

இப்போதெல்லாம் ஆறு மணிக்கு
டிக்கெட் வரிசையில் யாராவது ஒருவர்
‘சனி வந்தாச்சு’ என்கிறார்.
நேற்று நிபியா ஜன்னலுக்கு வந்தாள்.
‘சனி அஞ்சு நிமிஷம் தாமதம்’ என்றேன்,
சில்லறையை எண்ணியபடி.
‘பல்பு மாத்தினேன்’ என்றாள்.