லாஃப்ட்டில் எழுதியிருந்தது

வேலப்பாடியில் பார்த்த வீட்டுக்குப்
போன வாரம்தான் வெள்ளையடித்திருந்தார்கள்.
தரகர் திருஞானம் சுவரைத் தட்டிக் காட்டினார்:
"அந்தக் காலத்துக் கட்டடம், யானை மோதினாலும் அசையாது."
நான் எக்ஸ்ரே எடுப்பவள்.
"ஒண்ணுமில்லம்மா, லேசா வலி" என்று
சிரித்துக்கொண்டே வருகிறவர்களின் உள்ளே
பதினேழு வருடமாய்ப் பார்க்கிறவள்.
ஜன்னல் மூலையைக் கட்டைவிரலால் அழுத்தினேன்.
உப்புப் பூத்த சுவர்
புட்டு மாதிரி உதிர்ந்தது.
திருஞானம் தெருவைப் பார்த்தார்.

அதனால்தான் சத்துவாச்சாரி தாண்டி
அலமேலுமங்காபுரத்தில் புது வீடு.
கடைக்கால் தோண்டிய நாளிலிருந்து
ஞாயிறு தவறாமல் போய் நின்றேன்.
தூணுக்கு எத்தனை கம்பி, என்ன கனம்,
வளையத்துக்கு வளையம் எத்தனை அங்குலம்
எல்லாம் போனில் படமாய் இருக்கிறது.
சதை மூடும் முன்பே
எலும்பைப் பார்த்துவிட்ட வீடு.

புது வீட்டில் அப்படி என்ன சௌகரியம் என்று
டூட்டி மாற்றும்போது பியூலா கேட்டாள்.
சொன்னேன்:
கரண்ட் மீட்டர் பூஜ்யத்தில் நின்றது.
குழாயைத் திறந்ததும் முதலில் காற்று வந்தது,
அப்புறம் இருமல், அப்புறம்தான் தண்ணீர்.
எவர் வீட்டுக் காலண்டரும் தொங்கிய வெளிர் சதுரம் இல்லை.
எதிர் மலை ராத்திரி பத்து மணி வரை
பகல் வெயிலைத் திருப்பித் தருகிறது, அது பழையதுதான்.
ஆனால்
ஆறு வாடகை வீடுகளில் சாவிக்கு முன் வந்த கேள்வி
இந்த வாசலில் வரவில்லை.
ஒருவர் நேராகவே கேட்டார்.
ஒருவர் "மீன் கீன் சமைப்பீங்களா?"
காகிதப்பட்டறையில் ஒரு அம்மா மட்டும்
காபி கொடுத்துவிட்டு, மெதுவாக,
"உங்க ஊர்ல எந்தத் தெரு?"
பியூலா சிரிக்கவில்லை.
அவளும் வாடகைக்காரி.

பால் காய்ச்சிய மறுநாள்
அண்டாவை மேலே ஏற்ற ஸ்டூல் போட்டு
லாஃப்ட்டுக்குள் தலையை நுழைத்தேன்.
பெயிண்ட் பிரஷ் எட்டாத பின்சுவரில்
பென்சிலில் ஒரு கணக்கு:

கொத்தனார் 2
சித்தாள் 3
கன்னிம்மா அர நாள்
அட்வான்ஸ் போக
பாக்கி 2350

அடியில் இரண்டு கோடு.
கோட்டுக்குக் கீழே வெறும் சிமெண்ட்.

ஸ்டூலில் நின்றபடியே பில்டருக்குப் போன் போட்டேன்.
"அதெல்லாம் அப்பவே செட்டில் மேடம்.
ஆள் அனுப்பி ஒரு கோட்டிங் அடிச்சிடட்டுமா?"
வேண்டாம் என்றேன்.

ராத்திரி படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன்.
ஞாயிறு ஞாயிறாகக் கம்பி எண்ணியிருக்கிறேன்,
ஆள் எண்ணவில்லை.
கம்பி தெளிவாகத் தெரிய வேண்டும் என்று
நின்றவர்களை ஓரத்தில் வெட்டியிருக்கிறேன்.
ஒரே ஒரு படத்தில் சிமெண்ட் சட்டியின் விளிம்பு,
அதைப் பிடித்த முழங்கை,
மூன்று பச்சைக் கண்ணாடி வளையல்.
"வளையலைக் கழட்டும்மா" என்று
ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறவள் நான்.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
வளையல் கலங்கி, பச்சைக் கட்டங்களாய்ச் சிதறியது.

எனக்கும் ஒரு பாக்கி உண்டு,
இருநூற்று முப்பத்தெட்டுத் தவணை.
அதை யாரும் லாஃப்ட்டில் எழுதவில்லை.
மாதம் ஐந்தாம் தேதி, விடிந்ததும்
போனுக்கே வந்துவிடும்.

பக்கத்து மனையில் கலவை மிஷின் ஓடுகிறது.
மதில் ஓரம் போய் "கன்னிம்மா" என்று கூப்பிட்டால்
எத்தனை பேர் திரும்புவார்களோ.

அண்டாவை விளிம்பிலேயே வைத்தேன்.
"இன்னும் உள்ள தள்ளு, இடம் இருக்குதே"
என்றார் கீழிருந்து சற்குணம்.
இருக்கிறது.