படம் 4.7

காட்பாடியில் ராத்திரி பதினொன்றே கால்.
சித்தூர் பஸ் நிற்குமிடத்துக்கு எதிரே
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
என் ஆய்வேட்டைத் திறக்கிறான் ஜபருல்லா.
இருநூற்றுப் பதினான்கு பக்கம்.
நாளை மாலைக்குள் பைண்டிங் முடிந்து
அலுவலக மேஜையில் இருக்க வேண்டும்.

"மேடம், படமெல்லாம் பிசிறுது."
நானூறு சதவீதத்தில் காட்டுகிறான்.
இரண்டு வெயில் காலம் அலைந்து நான் பெற்ற கோடு
படி படியாக இறங்குகிறது.
எண்களின் ஓரத்தில் பாசி.
எட்டா மூன்றா,
எனக்கே சந்தேகம்.

தப்பு என்னுடையதுதான்.
திரையில் தெரிந்ததைக் கத்தரித்து
வேர்டில் அப்படியே ஒட்டியிருந்தேன்,
ரேஷன் கார்டில் போட்டோ ஒட்டுகிற மாதிரி.

"கோட்டைக் கோடாவே அனுப்புங்க."

அதாவது
இங்கே தொடங்கு, இவ்வளவு தூரம் போ,
இந்த இடத்தில் வளை, இத்தனை தடிமன், நிறம் கறுப்பு.
படம் இல்லை, படத்துக்கான கட்டளை.
எத்தனை முறை பெரிதாக்கினாலும்
கோடு கட்டளையைக் கேட்டு
மறுபடி முதலிலிருந்து தன்னை வரைந்துகொள்ளும்.

கோப்புப் பெயரின் வாலில் மூன்று எழுத்தை மாற்றினேன். எஸ்.வி.ஜி.
அவனுடைய வேர்டுக்கு வயசாகிவிட்டது;
சிவப்புப் பெருக்கல் குறி ஒன்றைப் போட்டு உட்கார்ந்துகொண்டது.
சரி, இ.எம்.எஃப்.
இப்போது கோடு கத்தி.
ஆனால் மெல்லிய சாம்பலில் விரித்திருந்த பிழைப்பட்டை
தார் ஊற்றியது போல் மொத்தத்தையும் மூடிவிட்டது.
ஊர்ப் பெயர்கள் காலிக் கட்டங்களாய்
வரிசையில் நிற்கின்றன, ஆளில்லாத குவார்ட்டர்ஸ்.

கரண்ட் போனது. யு.பி.எஸ். கூவியது.
ஜங்ஷனில் ஏதோ ரயில் தாமதமென்று
மூன்று மொழிகளில் வருந்தினார்கள்.

வந்ததும்,
பட்டையின் ஒளிபுகும் தன்மையை எடுத்துவிட்டு
வெளிர் சாம்பலை நேராகவே பூசினேன்.
எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றினேன்.
குடியாத்தத்துக்கு மேற்கே உள்ள புங்கமேடு
இனி எழுத்தில்லை, எழுத்து மாதிரி ஒரு உருவம்.
தேடினால் மற்ற பக்கங்களில் கிடைக்கும்,
இந்தப் படத்தில் மட்டும் கிடைக்காது.

"இப்ப பாருங்க." எண்ணூறு சதவீதம்.
கோடு கோடாகவே இருந்தது.
வலப்பக்கம், ஃப்ளோரைடு ஒன்று புள்ளி ஆறுக்குச் சற்று மேலே,
ஒரே புள்ளி என்று நான் நினைத்திருந்தது
இரண்டாகப் பிரிந்தது.

கிணறு இருபத்து மூன்று. கிணறு இருபத்து நாலு.

ஒன்று ஊரில், ஒன்று காலனியில்.
நடுவே எண்பத்திரண்டு அடி, டேப் பிடித்தே அளந்தேன்.
முதல் நாள் ஒருவர் வேலியோரம் நின்று கேட்டார்:
"அந்த வாளியையா இதுல இறக்கப் போற?"
அன்று சாயங்காலமே குடியாத்தம் போய்
இன்னொரு வாளியும் இன்னொரு கயிறும் வாங்கினேன்.
செலவுக் கணக்கில்
'உபகரணங்கள்' என்று எழுதினேன்.

ஒன்று புள்ளி ஆறு இரண்டு.
ஒன்று புள்ளி ஆறு நாலு.
என் கருவியின் பிழையே அதைவிடப் பெரிது.
இரண்டு தெருப் பிள்ளைகளும்
ஒரே பழுப்புப் பல்லோடுதான் சிரித்தார்கள்.

மங்கிய படத்தில் அவை ஒன்றாகவே இருந்தன.
தண்ணீரைக் கேட்டால் அதுவும் அதைத்தான் சொல்லும்.
துல்லியமான படத்திலோ
நடுவில் மயிரிழை வெள்ளை.
அதை வரைய எந்தக் கட்டளையும் நான் கொடுக்கவில்லை.

"ரெண்டையும் செலக்ட் பண்ணி குரூப் போட்டுடவா மேடம்?"
சுட்டி புள்ளிகளின் மேலேயே நின்றது.
அவன் கேட்டது வேறு.
வேறு என்று எனக்கும் தெரியும்.

"நூறுக்குக் கொண்டு வாங்க" என்றேன்.
நூறில் மறுபடி ஒரே புள்ளி.
அச்சில் வரப்போவதும் நூறுதான்.
தேர்வாளர் பூதக்கண்ணாடி வைத்திருந்தால்
அவர் பாடு.

சேமித்தான்.
கீழே வரியில் எண்ணைச் சரிபார்த்தோம்: படம் 4.7.
ஷட்டருக்கு அடியில் ஒரு பஸ்ஸின் வெளிச்சம்
தரையை நக்கிவிட்டுப் போனது.

இன்னும் பன்னிரண்டு படம் இருக்கிறது.