சனிக்கிழமைப் புகை

இன்றிரவு ஆறாம் பகுதி.
கெர்த்து காப்பி போட்டு
ரவுனியையும் கூப்பிட்டிருக்கிறாள்.
திரையில் எங்கள் ஊர், ஆனால் எங்கள் ஊர் இல்லை.
எஸ்தோனியாவில் எடுத்தார்களாம், அங்கே கூலி மலிவு.
பிர்ச் மரங்கள் கொஞ்சம் ஒல்லி என்கிறாள் ரவுனி.
பெட்ரோல் நிலையத்தில் கல்லாவில் சாகும் ஹில்காவுக்கு
ஹில்காவைவிட நல்ல பற்கள்.

கொலைகாரர்கள் இருவரும் லட்சணமாக இருக்கிறார்கள்.
நிஜத்தில் ஒருவனுக்கு முகமெல்லாம் பரு.
மற்றவன், அந்தக் கோடையில்
என் அஞ்சல் வண்டியைக் கைகாட்டி நிறுத்தித்
தீப்பெட்டி வாங்கிப்போனவன்.

எண்பத்தேழு, அக்டோபர். பதினோரு நாள்.
எல்லைக் காவலர், நாய்கள், ஒரு ஹெலிகாப்டர்,
மான் வேட்டைத் துப்பாக்கியோடு நாங்கள் நாற்பது பேர்.
பேன் பார்ப்பதுபோல் சதுப்பு நிலத்தை
வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தோம்.
வரிசையின் இடக்கோடி எனக்கு.

இப்போது அந்தக் கோடியில்
துப்பறியும் அதிகாரி நிற்கிறார்.
(அசல் அதிகாரி காரைவிட்டு இறங்கவே இல்லை,
அவருக்கு மூலம்.)
ஏரிக்கு அப்பால் பூட்டிய கோடைவீடு, அதன் சவுனா,
புகைபோக்கியில் நூலளவு புகை.
அவர் கை உயர்கிறது. இசை நிற்கிறது.
நாய்கள். கதவு. பனியில் குப்புற இரண்டு பேர்.

ஆறாம் பகுதியோடு
ஒரு கொலை குறைந்துவிட்டது.

"லெம்பியைப் பிழைக்க வைத்துவிட்டார்களே,"
ரவுனி கோப்பையைக் கீழே வைக்கிறாள்.
லெம்பி அவள் அக்கா.
ஞாயிறு விடியலில் பால் கறக்க எழுந்தவள்.
"அப்படியொரு புகையை யாருமே பார்க்கவில்லையே."
"நீங்கள்தான் அங்கே இருந்தீர்களே, சொல்லுங்களேன்,"
என்கிறாள் கெர்த்து.

சனிக்கிழமை மாலை
இந்த நாட்டில் எந்தச் சவுனா புகையாது?
காலுறை நனைந்து கனத்தது.
யாரோ குளிக்கிறார்கள் என்று
என் குளியலை நினைத்துக்கொண்டே திரும்பி நடந்தேன்.
அறிக்கையில் இடக்கோடிக்கு நேரே
என் கையெழுத்தில்: ஒன்றுமில்லை.

இதை எழுதிய பையனுக்கு முப்பது வயதுகூட இல்லையாம்.
அப்போது அவன் அம்மாவே பள்ளிக்கூடம் போயிருப்பாள்.
மனைவியிடமும் பாதிரியாரிடமும் சொல்லாததை
அவன் எங்கிருந்து எடுத்தான்?
நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
எங்கோ உட்கார்ந்து, விறுவிறுப்புக்காக,
ஒரு வரி புகை சேர்த்திருக்கிறான்.

ரவுனி இன்னும் என்னைப் பார்க்கிறாள்.
திரையில் சலவைத்தூள், வெள்ளைச் சட்டைகள்.
மூலையில் எண்கள் இறங்குகின்றன:
தொடர் திரும்ப
மூன்று நிமிடம்.