கீழ்ப்பிடி

படியில் இருக்கும்போது
எங்களுக்கு "விடு" என்ற சொல் கிடையாது.
இறக்கு. திருப்பு. சாய். நில்.
அதோடு சரி.
இறக்கிவிடு, திருப்பிவிடு எல்லாம்
தரைக்கு வந்தபிறகு.

கெல்லீஸில் ஒரு வீட்டு மாடிப்படியில்
"லேசா திருப்பி விடு" என்றான் யாசீன்.
மேல்பக்கம் பிடித்திருந்த புதுப்பையனுக்குக்
கடைசி இரண்டெழுத்துதான் காதில் விழுந்தது.
கண்ணாடிக் குழாய் வெளியே வெடிக்கவில்லை,
உள்ளே போனது,
யாரோ மூச்சை இழுத்துக்கொண்டதுபோல.
அன்றிலிருந்து என் இடது முழங்காலுக்கு
மழை முன்கூட்டியே தெரியும்.

இன்றைக்கு வடபழனி.
மூன்றாம் மாடி விளையாட்டுக்கூடத்தைக் காலி செய்கிறார்கள்.
பதினொன்றுக்கு மேல்தான் சரக்கு லிஃப்ட் என்றார்கள்.
பதினொன்றேகாலுக்கு லிஃப்ட் படுத்துக்கொண்டது.
லிஃப்ட் படுக்கலாம்.
மெஷின் படுக்கக் கூடாது.

நூற்று நாற்பது கிலோ.
திரை மேலே, எடை மேலே,
கீழே வெறும் பலகை.
தலைக்கனம் பிடித்த பெட்டி.

பிளக்கைப் பிடுங்கி அரைமணி உட்கார்ந்தோம்.
"புடுங்கினாலும் உள்ள கரண்ட் இருக்கும்,
ரோஷக்காரன் மாதிரி" என்பாள் ரெஜினா.
ஸ்க்ரூடிரைவர் அவளிடம் மட்டும்தான்.
காசுப்பெட்டியைக் கழற்றினாள், நாலு கிலோ குறைந்தது.
கதவுக்கு டேப்.
ஜாய்ஸ்டிக் மேல் போர்வை, போர்வைமேல் பெல்ட்.
பொத்தான் பலகையைத் தொடாதே;
கைப்பிடி மாதிரித் தெரிவதெல்லாம் கைப்பிடி இல்லை.

கீழ்ப்பிடி நான்.
மேலே இருப்பவனுக்குப் படி தெரியும்.
எனக்குப் பலகை தெரியும்.
மூக்குக்கு நாலு விரற்கடை தள்ளி
ஆணியால் கீறியிருந்தது:
ஹரிணி 48,200.
அந்த எண்ணையே திரும்பத் திரும்பப் படித்தபடி
பின்காலால் படியைத் தேடினேன்.

இரண்டாம் மாடித் திருப்பம்.
முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை.
பெல்ட் தோளைத் தின்றுகொண்டிருந்தது.
மேலிருந்து எட்டிப்பார்த்தார் கூடத்தின் முதலாளி சலபதி,
ஒன்பது வருஷம் நடத்தியவர்,
ஆறு மாத வாடகை பாக்கிக்காரர்.
"கஷ்டமா இருந்தா விட்டுடுங்கப்பா" என்றார்,
அன்பாகத்தான்.

ஒரு நூல் இறங்கியது என்மேல்.
ஒரு நூல்தான்.

"யாரும் வாயத் தொறக்காதீங்க!"
ரெஜினாவின் சத்தம் மாடிமாடியாக இறங்கிப்போனது.
சலபதி வாயைப் பொத்திக்கொண்டார்.
பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து,
எங்களுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி,
போர்வை முனையைச் சுவரோடு அழுத்திப் பிடித்தார்,
மூலை உராயாமல்.
பணம் வாங்கி எண்ணி முடித்த பொருளுக்கு.
"சாய்" என்றான் யாசீன்.
சாய்த்தோம்.
போனது.

குட்டியானையில் நின்றபடியே ஏறியது மெஷின்.
ஆற்காடு சாலை நெடுக மெட்ரோக்காரர்கள் தோண்டிய பள்ளங்களை
டிரைவர் தேவசகாயம் ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டே தாண்டினார்.

மூலக்கொத்தளத்தில், ஜெராக்ஸ் கடைப் பின்னறையில்
இறக்கும்போது மணி மூன்று.
ஒருமணி நேரம் ஆறவைத்துப் பிளக்கைப் போட்டோம்.
திரை வந்தது.
வானம் நீலமாக இருக்கவேண்டிய மூலையில்
ஒரு ஊதாக் கறை.

"போச்சா?" என்றார் வாங்கியவர்.
"அங்க தெக்கு பாத்து நின்னுச்சு,
இங்க கெழக்கு.
பூமியோட காந்தம் அதுக்குப் பழகணும்" என்றாள் ரெஜினா,
பையிலிருந்து ஒரு கம்பிவளையத்தை எடுத்தபடி.
அவள் சுற்றச் சுற்றக் கறை
ஓரத்துக்கு ஒதுங்கி, போயேபோனது.
மாடிப்படியில் நாங்கள் திரும்பிய திருப்பம் எல்லாம்
அந்தக் குழாய்க்குத் தெரிந்திருக்கிறது.

விடிகாலையில் கதவைத் திறந்த என் மனைவி
முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"உன் தம்பி போன் பண்ணான், பணத்துக்கு.
அத விடு. காலைல பேசிக்கலாம்."

கையில் எதுவும் இல்லை.
விரல்கள் இறுகிக்கொண்டன.